குரல்கள் நின்றுவிட்டன, பாடம் ஏன் நிற்கவில்லை?

கேள்வி:

எங்கள் ஊர் கெங்கவல்லிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். இரண்டு ஏக்கரில் குச்சிக்கிழங்கு போட்டுப் பிழைக்கிறோம். மூத்த பெண்ணைத் தம்மம்பட்டியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். இளையவனைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அவனுக்கு வயது 22.

பத்தாவதில் நல்ல மார்க்கு வாங்கினான். மெக்கானிக்கல் டிப்ளமோவில் சேர்த்தோம். இரண்டாம் வருடம் படிக்கும்போது தூக்கம் போய்விட்டது. விடுதியில் எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றான். யாரும் இல்லாதபோதும் குரல் கேட்கிறது என்று காதைப் பொத்திக்கொள்வான். முதலில் மந்திரித்துப் பார்த்தோம். குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்கினோம். அதன் பிறகுதான் சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். மனச்சிதைவு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். ஒன்றரை வருடமாக விடாமல் சாப்பிடுகிறான். இப்போது குரல் இல்லை, சந்தேகம் இல்லை, நன்றாகத் தூங்குகிறான்.

ஆனால் படிப்பு மட்டும் ஏறவே இல்லை. ஆறு பேப்பர் அரியர் கிடக்கிறது. காலையில் புத்தகத்தை எடுத்தால் மதியம் வரை அதே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். கேட்டால், "படிச்சேம்மா, ஒண்ணும் நிக்க மாட்டேங்குது" என்கிறான். கடைக்கு அனுப்பி மூன்று சாமான் சொன்னால் ஒன்றுதான் வருகிறது. கிழங்கு லோடு போகும்போது எடையையும் மாவுச்சத்துப் பாயின்டையும் எழுதிக்கொள்ளச் சொன்னால் பாதியில் விட்டுவிடுகிறான். "சாப்பிடவும் தூங்கவும் தெரியுது, படிக்க மட்டும் தெரியாதா" என்று அவன் அப்பா சத்தம் போடுகிறார். "மாத்திரைதான் மூளையை மழுங்கடிச்சிருச்சு, நிறுத்திப் பாருங்க" என்கிறார்கள் பங்காளி வீட்டில்.

இது சோம்பலா? மாத்திரையால் வந்ததா? அவன் புத்தி இனிமேல் திரும்பாதா? ஞாபக சக்திக்கு ஏதாவது மருந்து உண்டா? படிப்பை விட்டுவிடச் சொல்வதா, எப்படியாவது முடி என்று சொல்வதா? வழி சொல்லுங்கள்.

- பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய், கெங்கவல்லி வட்டம்

பதில்:

அம்மா, உங்கள் மகன் மதியம் வரை ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். சோம்பேறி ஒருவன் அப்படி உட்கார மாட்டான். பத்து நிமிடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போயிருப்பான். தம்பி முயற்சி செய்கிறார்; அந்த முயற்சிக்குப் பலன் கிடைக்கவில்லை. அதற்குக் காரணம் அவருடைய நோயிலேயே இருக்கிறது. குரல்கள் நின்ற பிறகும் நோயின் இந்தப் பகுதி தங்கிவிடுவது உண்டு. இதைப் பெரும்பாலான குடும்பங்களுக்கு யாரும் சொல்வதில்லை. அதனால்தான் நோயாளி வாங்க வேண்டாத திட்டுகளை எல்லாம் வாங்கிக்கொண்டிருக்கிறார்.

நோயின் சத்தமில்லாத பகுதி

மனச்சிதைவு மூன்று வகையில் ஒருவரைத் தொல்லைப்படுத்துகிறது. இல்லாத குரல் கேட்பது, காரணமில்லாமல் சந்தேகப்படுவது ஆகியவை முதல் வகை. ஆர்வம் வற்றுவது, பேச்சு குறைவது, ஒதுங்கி இருப்பது இரண்டாம் வகை. கவனம், நினைவு, திட்டமிடுதல் ஆகியவற்றில் வரும் தடுமாற்றம் மூன்றாம் வகை. முதல் வகை ஊருக்கே தெரியும்படி வருகிறது. மாத்திரைக்கும் நன்றாகக் கட்டுப்படுகிறது. மூன்றாவது வெளியே தெரியாது. இப்போதுள்ள மாத்திரைகள் அதில் பெரிய மாற்றம் செய்வதில்லை. படிப்பையும் வேலையையும் அதிகம் தடுப்பது இந்த மூன்றாவது வகைதான். 1996-இல் அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் கிரீன், அதுவரை வந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார். நோயாளியின் அன்றாட வாழ்க்கை எப்படி அமைகிறது என்பதோடு அதிகத் தொடர்பு கொண்டிருந்தவை நினைவும் கவனமும்தான். குரலும் சந்தேகமும் அந்த அளவுக்குத் தொடர்பு காட்டவில்லை.

"புத்தி இனிமேல் திரும்பாதா" என்று கேட்டிருக்கிறீர்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த நோயை விவரித்த ஜெர்மன் மருத்துவர் எமில் கிரேபெலின், இளவயதில் தொடங்கிப் புத்தி தேய்ந்துகொண்டே போகும் நோயாகத்தான் இதைக் கருதினார். பிற்காலத்தில் நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தபோது வேறு சித்திரம் கிடைத்தது. பெரும்பாலோருக்கு நோய் தொடங்கும் காலத்தை ஒட்டி ஒரு சரிவு வருகிறது; அதன் பிறகு பல ஆண்டுகள் ஏறக்குறைய அதே நிலையில் நிற்கிறது. சிலருக்கு நோய் வெளிப்படும் முன்பே, பள்ளி நாட்களிலேயே, லேசான தடுமாற்றம் இருந்திருக்கும். ஆகவே, "வருடத்துக்கு வருடம் இன்னும் மோசமாகுமோ" என்ற பயத்தை விடுங்கள். பழைய வேகம் முழுவதும் திரும்பும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. இருக்கும் திறனை வைத்து இப்போது கற்பதைவிட நிறையக் கற்க முடியும் என்பதை உறுதியாகச் சொல்கிறேன்.

படிக்கும்போது எங்கே தடுக்கிறது

அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனம் 2000-களின் தொடக்கத்தில் நிபுணர்களைக் கூட்டி, மனச்சிதைவில் பாதிக்கப்படும் அறிவுத் திறன்களை ஏழு பிரிவுகளாக வகுத்தது. உங்கள் கடிதத்தில் அவற்றில் நான்கு தெரிகின்றன.

முதலாவது கவனம். பக்கத்து வீட்டு மிக்ஸி, ரோட்டில் போகும் டிராக்டர், நேற்று யாரோ சொன்ன சொல் என்று எல்லாம் பாடத்தின் அளவுக்கே மனதில் வந்து மோதும். வேண்டாததைத் தள்ளிவிட்டு வேண்டியதை மட்டும் பிடித்துக்கொள்ளும் வேலையை நமக்கு மூளை தானாகச் செய்கிறது. தம்பி ஒவ்வொரு முறையும் அதைப் பாடுபட்டுச் செய்ய வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, ஒன்றைச் சில நொடிகள் மனதில் நிறுத்தி வைத்துக்கொண்டே அதை வைத்து வேலை செய்வது. உங்கள் கிழங்கு போகும் சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் எடைமேடை ஒன்றுதான் இருக்கும். வண்டிகள் ஒவ்வொன்றாகத்தான் ஏற முடியும். தம்பியின் மனதில் அந்த எடைமேடை இப்போது குறுகலாக இருக்கிறது. ஒரு நீண்ட வாக்கியத்தின் முடிவுக்கு வருவதற்குள் தொடக்கம் இறங்கிவிடுகிறது. கடையில் மூன்று சாமானில் ஒன்று மட்டும் வருவதும், லோடு எடை, பாயின்டு இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் பாதியில் விட்டுவிடுவதும் இதனால்தான்.

மூன்றாவது வேகம். வகுப்பில் ஆசிரியர் மூன்றாவது வரிக்குப் போகும்போது இவர் முதல் வரியைத்தான் புரிந்துகொண்டிருப்பார். புரியாமல் இல்லை, புரிய நேரம் பிடிக்கிறது.

நான்காவது, சொற்களாக வருவதைப் பதிய வைத்துக்கொள்வது. இதில் உங்களுக்கு உதவக்கூடிய ஓர் உண்மை இருக்கிறது. இந்த நோயில் பெரிய பழுது, பாடம் உள்ளே பதியும் இடத்தில்தான். நன்றாகப் பதிந்துவிட்டால், அது மறக்கும் வேகம் மற்றவர்களுடையதைவிட மிக அதிகமாக இருப்பதில்லை. "விடை என்ன" என்று வெறுமனே கேட்டால் திணறுபவர், நான்கு விடைகளைக் காட்டி எது சரி என்று கேட்டால் பல நேரம் சரியாகச் சொல்லிவிடுவார். இன்னொன்று, கையால் செய்து பழகும் வேலைகள் காதால் கேட்டுக் கற்பதைவிட இவர்களுக்குப் பொதுவாக எளிதாக வருகின்றன. மெக்கானிக்கல் படிக்கும் பையனுக்கு இது நல்ல செய்தி.

மாத்திரையை நிறுத்தலாமா

நிறுத்தாதீர்கள். ஒரு மாத்திரைகூட வாயில் போடாத புதிய நோயாளிகளைச் சோதித்தபோதும் இதே கவனக் குறைவும் நினைவுத் தடுமாற்றமும் தென்பட்டிருக்கின்றன. அதனால் மாத்திரை மூளையை மழுங்கடித்தது என்பது சரியல்ல. முதல்முறை நோய் வந்து குணமானவர்களைத் தொடர்ந்து கவனித்து 1999-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்காக இருந்தது. ஒவ்வொரு முறை நோய் திரும்பும்போதும் படிப்பு பல மாதம் பின்னுக்குப் போகும்.

அதே நேரம், பங்காளிகள் சொல்வதில் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் ஒளிந்திருக்கிறது. மருந்தின் அளவு தேவைக்கு மேல் இருந்தால் பகலில் மந்தம் வரும். கை நடுக்கத்துக்கும் விறைப்புக்கும் துணை மாத்திரையாகக் கொடுக்கப்படும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் நினைவைக் குறைக்கக்கூடியது. தொடக்கத்தில் அது தேவைப்பட்டிருக்கலாம். ஒன்றரை வருடம் கழித்தும் தேவையா என்று பார்க்க வேண்டும். அடுத்த முறை போகும்போது மாத்திரை அட்டைகளை எல்லாம் கையில் எடுத்துக்கொண்டு போய், "இதில் நினைவைக் குறைக்கிறது ஏதாவது இருக்குங்களா, குறைக்க முடியுமா, தூக்கம் வரவைக்கிறதை ராத்திரிக்கு மாத்தலாமா" என்று கேளுங்கள். குறைப்பதை மருத்துவரே மெதுவாகச் செய்ய வேண்டும்.

அதோடு வேறு சிலவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். மனச்சோர்வு இருந்தாலும் படிப்பு ஏறாது. ரத்தசோகை, தைராய்டு, வைட்டமின் பி12 குறைவு, சர்க்கரை ஆகியவற்றை ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துகொள்ளலாம். குரல் மெல்லியதாக இன்னும் கேட்டுக்கொண்டிருந்து, வீட்டில் சொல்லப் பயந்து மறைக்கிறாரா என்பதையும் மருத்துவர் தனியாகக் கேட்க வேண்டும். குடியோ கஞ்சாவோ இருந்தால் திட்டாமல் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பத்தாவது வரை நன்றாகப் படித்தவர் என்பதால், சிறுவயதிலிருந்தே வரும் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. மனநலப் பிரிவில் உள்ள உளவியலாளர் நினைவு, கவனச் சோதனைகளைச் செய்து பார்த்தால் எது பலம், எது பலவீனம் என்பது தெளிவாகிவிடும்.

ஞாபக சக்தி டானிக்குக்குப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம். மனச்சிதைவில் வரும் நினைவுக் குறைவுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து இதுவரை இல்லை. மிகவும் எதிர்பார்க்கப்பட்ட ஐக்ளெபெர்டின் என்ற மருந்தை உலகெங்கும் மூன்று பெரிய ஆய்வுகளில் சோதித்தார்கள். அது பலன் தரவில்லை என்று 2025 தொடக்கத்தில் அதைத் தயாரித்த நிறுவனமே அறிவித்தது. பெரிய நிறுவனங்களால் இன்னும் முடியாததை ஒரு பாட்டில் டானிக் செய்துவிடாது.

குணசீலத்தில் தங்கியதாக எழுதியிருந்தீர்கள். அந்தக் கோயிலிலேயே மனநோயாளிகளுக்கான மறுவாழ்வு இல்லமும் நடக்கிறது. வேண்டுதலும் வைத்தியமும் ஒரே இடத்தில் இருக்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. உங்கள் நம்பிக்கையை வைத்துக்கொள்ளுங்கள், மாத்திரையையும் வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படிப் படிக்க வேண்டும்

மருந்தால் ஆகாத வேலையைப் பயிற்சியும் முறையும் ஓரளவு செய்கின்றன. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் டில் வைக்ஸ் குழு 40 ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வெளியிட்டது. கவனத்துக்கும் நினைவுக்கும் முறையான பயிற்சி கொடுத்தால் மிதமான, ஆனால் நிலைத்து நிற்கும் முன்னேற்றம் வருகிறது என்று அதில் தெரிந்தது. தனியாகக் கொடுப்பதைவிட, படிப்பு, வேலை போன்ற உண்மையான வாழ்க்கையோடு சேர்த்துக் கொடுக்கும்போது அன்றாட வாழ்வில் பலன் அதிகம் என்பதும் தெரிந்தது.

பெங்களூரு நிம்ஹான்ஸில் இன்னும் நம் வீட்டுக்குப் பக்கத்தில் வரும் முயற்சி நடந்தது. புதிதாக நோய் வந்தவர்களுக்கு வழக்கமான சிகிச்சையோடு, குடும்பத்தாரின் உதவியுடன் வீட்டிலேயே இரண்டு மாதம் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 2012-இல் அதன் முடிவு வெளிவந்தது. பயிற்சி பெற்றவர்களிடம் கவனத்திலும் திட்டமிடுதலிலும் முன்னேற்றம் தென்பட்டது. இத்தகைய பயிற்சிகளுக்குக் கணினி கட்டாயமில்லை. கலந்த தானியங்களை வகை வகையாகப் பிரிப்பது, ஒரு பக்கச் செய்தித்தாளில் குறிப்பிட்ட ஓர் எழுத்து வரும் இடத்தை எல்லாம் அடித்துக்கொண்டே போவது போன்றவை கவனப் பயிற்சியாகப் பயன்படுகின்றன. முறத்தில் துவரையும் உளுந்தும் கலந்து கொடுத்து, பிரிக்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று குறித்து வைக்கலாம். முதலில் இரண்டு தானியம், பழகிய பிறகு மூன்று, நான்கு என்று கூட்டலாம். வேலை வாங்குவதுபோல் இல்லாமல், அவரே தன் நேரத்தை எழுதி முன்னேற்றத்தைப் பார்க்கும்படி விடுங்கள்.

இனி புத்தகத்துக்கு வருவோம். தம்பியோடு உட்கார்ந்து இவற்றை ஒவ்வொன்றாகத் தொடங்குங்கள்.

காலையிலிருந்து மதியம் வரை என்பதை நிறுத்துங்கள். இருபது நிமிடம் படிப்பு, பத்து நிமிடம் எழுந்து நடப்பது. அப்படி இரண்டு சுற்று முடிந்தால் அன்றைய காலைக்குப் போதும். எந்த நேரத்தில் மனம் தெளிவாக இருக்கிறது என்று அவரையே கேட்டு, அந்த நேரத்தைப் படிப்புக்கு ஒதுக்குங்கள்.

ஆறு பேப்பரையும் ஒரே தேர்வில் எழுத வேண்டாம். முதலில் அவருக்குப் பிடித்த, செய்முறையோடு தொடர்புள்ள ஒரு பேப்பர். அதில் பாஸ் ஆனால் வரும் தைரியம் அடுத்ததற்கு உதவும்.

ஒரு பத்தி படித்தவுடன் புத்தகத்தை மூடி, அதில் உள்ளதைத் தன் சொல்லில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்; பிறகு இரண்டு வரி எழுத வேண்டும். கண், வாய், கை மூன்று வழியாகவும் போனால் பதிவது கூடும். அன்று மாலை, மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து என்று அதே பத்தியை மறுபடி சொல்லிப் பார்க்க வேண்டும். அதிகம் படிப்பதைவிடக் கொஞ்சத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதுதான் இவருக்குப் பொருந்தும்.

தெரியாததை ஊகிக்க விட்டுத் தவறு செய்யவைத்துத் திருத்துவது நம் பள்ளிக்கூட வழக்கம். மனச்சிதைவு உள்ளவர்களுக்கு அது உதவுவதில்லை. முதலில் சொன்ன தவறான விடையே மனதில் ஒட்டிக்கொள்கிறது. அமெரிக்காவில் ராபர்ட் கெர்ன் குழுவினர் இதற்கு நேர்மாறான முறையைச் சோதித்தார்கள். சரியானதை முதலிலேயே காட்டுவது, கூடவே இருந்து செய்யவைப்பது, தவறு நேராத அளவுக்கு வேலையைச் சிறிதாக உடைப்பது, பழகப் பழக உதவியைக் குறைப்பது. இந்த முறையில் வேலை கற்றவர்கள் நன்றாகக் கற்றார்கள். தீர்த்து வைத்த கணக்கை முதலில் பார்த்து எழுதட்டும். அடுத்ததில் கடைசி வரியை மட்டும் அவர் போடட்டும். அதற்கடுத்ததில் கடைசி இரண்டு வரி.

நினைவில் வைக்க வேண்டியதை நினைவிடம் விடாமல் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டில் வைக்கப் பழக்குங்கள். கடைக்குப் போகும்போது சீட்டு. மாத்திரைக்கு செல்போன் அலாரம். சுவரில் பெரிய நாட்காட்டி, அதில் தேர்வுத் தேதியும் ஆஸ்பத்திரித் தேதியும். இதை யாரும் கேலி செய்யக் கூடாது.

உடலை அசைப்பதும் படிப்புக்கு உதவும். 10 ஆய்வுகளைச் சேர்த்து 2017-இல் வெளியான தொகுப்பில், மூச்சு வாங்கும் அளவுக்கு நடப்பது, மிதிவண்டி ஓட்டுவது போன்ற பயிற்சிகள் மனச்சிதைவு உள்ளவர்களின் அறிவுத் திறனைக் கூட்டுவதாகத் தெரிந்தது. விடியற்காலையில் காட்டுக்கு நடந்து போய் வரட்டும், சைக்கிளை எடுக்கட்டும். இரவுத் தூக்கத்தை மட்டும் எதற்காகவும் குறைக்க வேண்டாம். கண் விழித்துப் படிப்பது இவருக்கு ஆகவே ஆகாது.

கல்லூரியிலும் தேர்விலும் என்ன கேட்கலாம்

2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் மனநோயும் ஒன்று. 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்று அரசு மருத்துவக் குழு சான்றளித்தால், அரசு உயர்கல்வி நிறுவனங்களிலும் அரசு உதவி பெறுபவற்றிலும் 5 சதவீத இட ஒதுக்கீட்டுக்கும், அரசு வேலைகளில் 4 சதவீத ஒதுக்கீட்டின் உட்பிரிவுக்கும் தகுதி உண்டு. 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட தேர்வு வழிகாட்டு நெறிகள், தகுதியுள்ளவர்களுக்கு மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரம் தரச் சொன்னன. 40 சதவீதம் எட்டாதவர்களுக்கும் நியாயமான ஏற்பாட்டை மறுக்கக் கூடாது என்று விகாஷ் குமார் வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வேகம் குறைந்த ஒருவருக்குக் கூடுதல் நேரம் என்பது சலுகை அல்ல. தெரிந்ததை எழுதி முடிக்கக் கிடைக்கும் நியாயம்.

சான்றிதழ் வாங்கினால் ஊருக்குத் தெரிந்துவிடுமே, நாளைக்குப் பெண் பார்க்கப் போகும் இடத்தில் பேச்சாகிவிடுமே என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கும். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். சான்றிதழ் கட்டாயம் அல்ல. வாங்குவதா வேண்டாமா என்பதைத் தம்பிதான் முடிவு செய்ய வேண்டும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. கல்லூரியில் எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை. முதல்வரிடமோ நம்பிக்கையான ஓர் ஆசிரியரிடமோ, "சிகிச்சையில் இருக்கிறார், ஒவ்வொரு பேப்பராக எழுதப் போகிறார், பாடக் குறிப்பை முன்கூட்டியே கொடுத்தால் உதவும்" என்று சொன்னால் போதும். சான்றிதழ் வேண்டும் என்று முடிவு செய்தால் சேலத்தில் உள்ள மாவட்ட மாற்றுத் திறனாளிகள் நல அலுவலகத்தில் வழி சொல்வார்கள்.

படிப்பா, வேலையா

இரண்டில் ஒன்றை இன்றே தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. நம் மாநிலத்தில் நடந்த ஒரு நீண்ட ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். 1981-இல் சென்னை மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்கு முதல்முறை மனச்சிதைவோடு வந்த 90 பேரை ஆய்வில் சேர்த்தார்கள். டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆய்வு நிறுவனம், டாக்டர் ஆர். தாரா முன்னின்று நடத்த, அவர்களை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து கவனித்தது. பத்து ஆண்டு முடிவில் பெரும்பாலோருக்கு நோய்க்குறிகள் நன்றாகத் தணிந்திருந்தன. ஆண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்றைய பல மருந்துகள் அன்று புழக்கத்தில் இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். குடும்பத்தின் அரவணைப்பும், சொந்தத் தொழிலிலோ தெரிந்தவர் கடையிலோ கிடைக்கும் இடமும் நம் ஊரில் நோயாளிகளை வேலையில் தாங்கிப் பிடிக்கின்றன.

உங்களிடம் அந்த இடம் இருக்கிறது. லோடு கணக்கை இப்போது சொல்கிற மாதிரி மொத்தமாக ஒப்படைக்காதீர்கள். ஒரு நோட்டில் தேதி, வண்டி, எடை, பாயின்டு, விலை என்று ஐந்து கட்டம் போட்டு வையுங்கள். முதல் சில லோடுக்கு அப்பா சொல்லச் சொல்ல அவர் எடையை மட்டும் எழுதட்டும். அது தவறாமல் வந்தபின் பாயின்டைச் சேர்க்கலாம். கடைசியாக விலையைப் பெருக்கும் கணக்கு. ஒரு நேரத்தில் ஒரு சொல், ஒரு வேலை. இதுவும் கற்றல்தான், இதில் பழகுவது புத்தகத்துக்கும் உதவலாம்.

படிப்பைப் பொறுத்தவரை, இரண்டு பருவம் இந்த முறையில் முயன்று பாருங்கள். பேப்பர் ஒவ்வொன்றாகத் தேறினால் தாமதமானாலும் டிப்ளமோ முடியும். அப்படித் தேறவில்லை என்றால், கைவேலை அதிகமுள்ள குறுகிய தொழிற்பயிற்சிக்கு மாறுவதைப் பற்றித் தம்பியோடு உட்கார்ந்து பேசுங்கள். அதைத் தோல்வி என்று வீட்டில் யாரும் சொல்லக் கூடாது.

அவருடைய அப்பாவுக்கு

ஐயா, உங்களுக்கும் இரண்டு வார்த்தை. நீங்கள் சத்தம் போடுவது வெறுப்பினால் அல்ல, பயத்தினால் என்று எனக்குத் தெரியும். 1980-களில் சண்டிகரில் இந்த நோயாளிகளின் குடும்பங்களை ஆராய்ந்தபோது, வீட்டில் பகைமையான பேச்சு இருந்த இடங்களில் நோய் அதிகம் திரும்பியது தெரிந்தது. லண்டனோடு ஒப்பிட்டால் நம் குடும்பங்களில் அத்தகைய பேச்சு மொத்தத்தில் குறைவாகவே இருந்தது. அது நமக்குப் பெருமை. அந்தப் பெருமையைக் காப்பாற்றுங்கள். "இவ்வளவு நேரம் என்ன கிழிச்சே" என்று கேட்பதற்குப் பதிலாக, "இன்னைக்கு எந்தப் பத்தி, எனக்குச் சொல்லு பார்க்கலாம்" என்று கேளுங்கள். நீங்கள் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தாலே போதும், அவர் ஒருமுறை திரும்பச் சொல்லிப் பார்த்த கணக்காகிவிடும்.

எப்போது உடனே போக வேண்டும்

நன்றாகப் படித்த பையன், தன்னால் முன்போல் முடியவில்லை என்று தானே உணர்கிறார். அந்த உணர்வு சில நேரம் உயிரையே வெறுக்க வைக்கும். "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்பது போன்ற பேச்சு வந்தால் அதை அலட்சியப்படுத்தாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், தனியாக விடாதீர்கள். தூக்கம் திடீரென்று குறைவது, தனக்குள் பேசுவது, பழைய சந்தேகம் தலைகாட்டுவது ஆகியவையும் தாமதிக்கக் கூடாத அறிகுறிகள். எந்த நேரமும் 14416 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவை அது. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

ஒவ்வொரு முறையும் சேலத்துக்குப் போக முடியவில்லை என்றால், மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு எந்த நாளில் வருகிறது என்று ஆத்தூர் அரசு மருத்துவமனையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை வாங்க அது பக்கம். நினைவுச் சோதனைக்கும் மருந்து மாற்றத்துக்கும் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போங்கள். அங்கே மூன்று கேள்விகளை எழுதி எடுத்துச் செல்லுங்கள்: எந்த மாத்திரை நினைவைக் குறைக்கிறது, உளவியலாளரின் சோதனை எப்போது, வீட்டில் செய்யும் பயிற்சி எது. அந்தச் சீட்டைத் தம்பியே எழுதட்டும், அவரே கேட்கட்டும். அவர் கற்க வேண்டிய பாடங்களில் தன் நோயைப் பற்றிய பாடம்தான் முதலாவது. அதைக் கற்பவர் மற்றதையும் கற்பார்.